முகக்கவசம் கழன்ற இடம்

வைத்தியருக்கு அடுத்தபடியாக நம் முகத்துக்கு மிக அருகில் நின்று பணிபுரிபவர் சிகையலங்காரம் செய்பவரே. ஆதலின், 2020ஆம் ஆண்டில் கொவிட் பெருந்தொற்று உலகெங்கும் பரவியபோது அலங்கார நிலையங்களைக் குறித்து மக்கள் அஞ்சியது இயல்பேயாகும். அவ்வச்சத்தை ஆராய்வதற்கு ஏற்ற நிகழ்ச்சியொன்று அவ்வாண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள ஸ்பிறிங்பீல்ட் நகரில் நிகழ்ந்தது.

அங்கே ஒரு நிலையத்தில் பணியாற்றிய பெண்ணொருவருக்கு மே 12ஆந் திகதி நோய்க்குறிகள் தோன்றின. மூன்று நாட்களின் பின் அவருடைய சக பணியாளருக்கும் தோன்றின. இருவரும் பணியை நிறுத்தினாரல்லர். பரிசோதனையில் நோய் உறுதியாகுமுன் 139 வாடிக்கையாளர்கள் அவர்களிடம் வந்து சென்றுவிட்டனர். ஆயினும், நகரின் கட்டளைப்படியும் நிலையத்தின் விதிப்படியும் பணியாளரும் வாடிக்கையாளரும் முகக்கவசம் அணிந்திருந்தனர். சுகாதார அதிகாரிகள் அந்த 139 பேரையும் கண்காணித்தனர். எவரிடத்தும் நோய்க்குறி தென்படவில்லை. பரிசோதனைக்கு இசைந்த 67 பேருள் ஒருவருக்கேனும் தொற்று இருக்கவில்லை. எஞ்சியோர் பரிசோதிக்கப்படாமையால் இதனை முடிந்த முடிபெனக் கொள்ளலாகாது. எனினும், கவசத்தின் பயனுக்கு இது தக்கதொரு சான்றே.

ஆனால், முதலாவது பணியாளரின் கணவர் உட்பட, அவருடன் நெருங்கிப் பழகிய நால்வரை நோய் பற்றிக்கொண்டது. பணியாளர் இருவருங்கூட, வாடிக்கையாளர் இல்லாத இடைவேளைகளில் கவசமின்றியே அளவளாவியிருந்தனர். அந்நியர் முன் விழிப்பாயிருக்கும் நாம், நமக்கு உரியவர் நடுவே காவலைத் தளர்த்திவிடுகின்றோம். அன்புள்ள இடத்தில் ஆபத்து இல்லையென எண்ணுவது மனித இயல்பு. நோய்க்கிருமியோ உறவு பார்ப்பதில்லை.

சீப்பையும் கத்தரியையும் ஒவ்வொருவருக்கும் கிருமி நீக்கிப் பயன்படுத்துவதும், போர்த்தும் துணியை மாற்றுவதும், கைகழுவுவதும் எக்காலத்தும் வேண்டப்படுவனவே. படர்தாமரை, பேன் முதலியன பரவாது தடுப்பன அவை. ஆனால், மூச்சுக்காற்றின் வழியே பரவும் நோய்க்குத் தூய சீப்பு மாத்திரம் போதாது. கவசம் வேண்டும், திறந்த சாளரங்களும் நல்ல காற்றோட்டமும் வேண்டும், அனைத்துக்கும் மேலாக, நோயுற்றவர் வீட்டில் தங்குதல் வேண்டும்.

அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவருக்கு ஒருநாள் ஓய்வு ஒருநாள் பட்டினியாகவும் கூடும். காய்ச்சலோடு வேலைக்கு வருபவரை ஏசுவது எளிது. அவர் ஓய்வெடுக்கும் நாளுக்கும் ஊதியம் வழங்குவதே நிலைய உரிமையாளரின் கடமை. “இன்று எனக்குச் சுகமில்லை, பிறிதொரு நாள் வாருங்கள்” என்று அவர் கூறினால் முகங்கோணாது திரும்புவது வாடிக்கையாளராகிய நமது கடமை.

கொவிட் தொடர்பான சர்வதேச அவசரநிலை முடிவுற்றதென 2023 மே மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. அவசரநிலை நீங்கினும் இருமலும் காய்ச்சலும் நீங்கிவிடவில்லை. ஸ்பிறிங்பீல்ட் கற்பித்த பாடமும் பழையதாகிவிடவில்லை.