பலாலி – திருச்சி: தூரம் குறைவு, பயணம் நீளம்

பலாலிக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 185 கிலோமீற்றர் மட்டுமே. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கான தரைவழித் தூரத்தில் அது அரைவாசியும் இல்லை.

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் தொடங்கிய சென்னைச் சேவை 2020இல் கொரோனாவால் தடைப்பட்டு, 2022 டிசெம்பரிலேயே மீண்டது. திருச்சிக்கான நேரடிச் சேவைக்கோ 2025 மார்ச் வரை காத்திருக்க நேர்ந்தது.

ஏரிஆர் ரகச் சிறு விமானம் இத்தூரத்தைக் கடக்க ஒரு மணித்தியாலமளவே செல்கிறது. நேரடிச் சேவை இல்லாதபோது, வடமேற்கே செல்ல வேண்டிய பயணி முதலில் தெற்கே கட்டுநாயக்க வரை இரவு முழுவதும் பயணிக்க வேண்டும். மருத்துவ சிகிச்சைக்குச் செல்லும் முதியவர்களுக்கு இது எத்தகைய துன்பம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஓடுபாதை குறுகியதாயிருப்பதால் பெரிய விமானங்கள் பலாலியில் இறங்க முடிவதில்லை. ஆசனங்கள் குறைந்தால் கட்டணம் குறைவது கடினம். ஆகவே, ஓடுபாதை நீடிக்கப்படுவது அவசியமே. ஆயினும், 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களின் காணிகளை அதற்கு விலையாகக் கேட்பது நியாயமாகாது.

காணிக்கு உரியவர்களுடன் பேசி, அவர்களின் இணக்கத்துடனேயே அபிவிருத்தி முன்னெடுக்கப்பட வேண்டும் என நாம் வலியுறுத்துகின்றோம்.