கார்த்திக்குக்கு எத்தனை எழுத்து?

கார்த்திக் என்ற பெயருக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. இங்கிலீஷில் எழுதும்போதுதான் வம்பு. ஒருவர் கடைசியில் வெறும் 'கே' போடுவார். இன்னொருவர் அதற்கு முன்னால் ஒரு 'சி' சேர்ப்பார். மூன்றாமவருக்கு நியூமராலஜிக்காரர் இரண்டு 'ஏ' எழுதிக் கொடுத்திருப்பார். அவரவர் சொந்த விஷயம் என்று போன மாதம் வரை சும்மா இருந்தேன்.

நாங்கள் வரவு செலவு எழுதும் ஆப் ஒன்று நடத்துகிறோம். லாகினுக்கு ஃபயர்பேஸ். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு ஒரு போன்.

"சார், பழைய கம்பெனி மெயில்ல லாகின் வெச்சிருந்தேன். ரிசைன் பண்ணிட்டேன், மெயிலை மூடிட்டாங்க. பாஸ்வேர்டும் மறந்துபோச்சு. புது மெயிலைப் போட்டுக் குடுங்களேன்."

யூஸர் தானே மாற்றுவதானால் ஃபயர்பேஸ் கறார் பேர்வழி. லாகின் செய்து நேரமாகியிருந்தால் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். புது விலாசத்தைச் சரிபார்த்து மாற்றும் முறையில், அங்கே ஒரு லிங்க் அனுப்பும். அதை அமுக்கும்வரை பழைய மெயில்தான் செல்லும். என்னிடமோ அட்மின் சாவி. அப்டேட் யூஸர் என்று ஒரே ஒரு அழைப்பு, அதில் அவருடைய யு.ஐ.டி., புது மெயில். பாஸ்வேர்டும் இல்லை, லிங்க்கும் இல்லை. அந்த மெயிலில் நம் ஆப்பில் வேறு ஆள் ஏற்கெனவே இருந்தால் மட்டும் ஆட்சேபிக்கும்.

எனக்கு தாம்பரம் லோக்கலைப் பிடிக்கிற அவசரம். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். 'சக்ஸஸ்' என்றது. அதற்கென்ன, யார் மெயிலாக இருந்தாலும் சக்ஸஸ்தான்.

திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது. "நானும் கார்த்திக்தான். ஆனால் நீங்கள் தேடும் கார்த்திக் இல்லை. யாருடைய மாதக் கணக்கோ எனக்கு வந்திருக்கிறது."

நான் விட்டது ஒரே ஒரு 'சி'.

நல்ல மனுஷர். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அமுக்கியிருந்தால் புது பாஸ்வேர்டு போட்டுக்கொண்டு ஜம்மென்று உள்ளே உட்கார்ந்திருக்கலாம். நம்ம கார்த்திக் அதையே இரண்டு நாள் அமுக்கி, வராத மெயிலுக்குக் காத்திருந்தாராம்.

அதைவிட வயிற்றைக் கலக்கியது வேறொன்று. போனில் பேசியவர்தான் கார்த்திக் என்று எனக்கு எப்படித் தெரியும்? குரலில் ஒரு கார்த்திக்தனம் இருந்தது, அவ்வளவுதான்.

பதிவான செல்போனுக்கு ஓ.டி.பி. அனுப்பி ஆளை உறுதி செய்துகொண்டு, புது மெயிலுக்கு நாங்களே ஒரு லிங்க் அனுப்பி, அவர் அதை அமுக்கிய பிறகு மாற்றினேன். கணக்கெல்லாம் யு.ஐ.டி.யில் கட்டியிருந்ததால் ஒரு பைசா தொலையவில்லை. இப்போது ஆபீஸில் யார் கேட்டாலும் இதே வழிதான், டிரெயின் போனாலும் சரி.

கார்த்திக்குக்கு போன் செய்து நடந்ததை ஒப்புக்கொண்டேன்.

"அப்போ என் சம்பளத்தை அவர் பார்த்திருப்பாரா சார்?"

"பார்த்திருப்பார்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அதிகம்னாரா, கம்மின்னாரா சார்?"