பூட்டை உடைத்த பேனா



ஹல்வாபூர் என்னும் ஊரில் ஒரு பெண்கள் பள்ளி. அதன் வாயிலில் ஒருவன் பூட்டைப் போட்டு, அடியாட்களோடு நிற்கிறான். பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு, அவள் வீட்டிலிருந்து துவைக்கட்டும், பெருக்கட்டும், சமைக்கட்டும் என்பது அவன் வாதம். கூடியிருக்கும் பெரியவர்கள் வாய் திறக்கவில்லை. ஆஷு என்ற சிறுமி மட்டும் முன்னே வந்து பேசுகிறாள். இன்றைய பெண்பிள்ளைகளே நாளைய தாய்மார்கள். தாய் படிக்காவிட்டால் அடுத்த தலைமுறையும் படிக்காது என்கிறாள். அவன் மனம் மாறவில்லை. அப்போது கறுப்பு புர்கா அணிந்த உருவம் ஒன்று பாய்ந்து வருகிறது. அடியாட்களை விரட்டியபின் அது ஒரு பேனாவை எறிகிறது. பூட்டு உடைந்து விழுகிறது.

‘புர்கா அவெஞ்சர்’ தொடரின் முதல் அத்தியாயம் இது. 2013 ஜூலை 28 அன்று, ரமலான் மாதத்தில், பாகிஸ்தானின் ஜியோ தேஜ் அலைவரிசையில் உருதுவில் ஒளிபரப்பாயிற்று. பாப் பாடகராகப் பெயர் பெற்ற ஹாரூன் இதன் படைப்பாளர். அந்நாட்டின் வடமேற்கில் பெண்கள் பள்ளிகள் தீவிரவாதிகளால் மூடப்படும் செய்திகளைப் படித்தே இக்கதையை அவர் யோசித்தார். 2012 அக்டோபரில் ஸ்வாத் பள்ளத்தாக்கில் மலாலா சுடப்படுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. கற்பனையாக எழுதப்பட்ட ஒன்று இரத்தமாகச் செய்தித்தாளில் வந்தபின்னரே தொடர் திரைக்கு வந்தது. பிறகு அதற்கு 2013-ஆம் ஆண்டுக்கான பீபாடி விருது கிடைத்தது. 2014-இல் இந்தியாவில் ஜீ க்யூ அலைவரிசையில் தமிழிலும் ஒளிபரப்பினார்கள்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்து வீடுகளில் பலருக்குத் தாய்மொழி உருது. எனவே இத்தொடரை மூல மொழியிலேயே பார்த்துச் சிரிக்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு உண்டு. அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரும் வீரர்கள் நம் வரவேற்பறையில் பறந்துகொண்டிருக்கும்போது, நம் பாட்டிமார் பேசும் மொழியில் பேசும் வீராங்கனையை நம்மில் பலர் அறியாமல் இருப்பது எனக்கு வியப்பாகவே உள்ளது.

நான் இந்த முதல் அத்தியாயத்தின் இரசிகை. மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருத்தி கார்ட்டூனுக்கு இரசிகையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதற்காரணம், அந்த வீராங்கனையின் தொழில். பெரும் செல்வந்தன், விஞ்ஞானி, வேற்றுக்கிரகத்து இளவரசன் என்று சூப்பர் ஹீரோக்களுக்கு விதவிதமான பின்னணி உண்டு. ஜியாவோ ஒரு பள்ளி ஆசிரியை. பெற்றோரை இழந்தவளைக் கபடி ஜான் என்ற சூஃபி பெரியவர் எடுத்து வளர்க்கிறார். அவர் கற்பித்த ‘தக்த் கபடி’ என்ற கலையில் புத்தகமும் பேனாவும்தாம் ஆயுதங்கள். வாளோ துப்பாக்கியோ அவள் கையில் இல்லை. பகலில் பாடம் நடத்துபவள், அப்பாடசாலைக்கு ஆபத்து வரும்போது அதே பாடப்பொருள்களைக் கொண்டு காக்கிறாள். எங்கள் பக்கத்தில் ஓதிக்கொடுக்கும் பெண்ணைப் பிள்ளைகள் ‘ஆபா’ என்பார்கள். ஓர் ஆபா கூரைக்குக் கூரை தாவுவதைப் பார்த்து, இருபது ஆண்டுகளாகக் கரும்பலகை முன் நிற்கும் எனக்கு உள்ளூரச் சிறிது கர்வம் எழுந்ததை மறைக்கப் போவதில்லை.

பேனாவைப் பற்றி நம் சமூகத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதலில் அருளப்பட்ட வசனங்களிலேயே ஓதுதலும் எழுதுகோலும் சேர்ந்து வருகின்றன. எழுதுகோலின் பெயராலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அபூதாவூதில் பதிவான ஒரு செய்தியைப் பெண்பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வேன். ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) எழுதத் தெரிந்த பெண்மணி; நபியவர்களின் துணைவியார் ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர். எழுத்தைக் கற்பித்தது போல் நோய்க்கு ஓதிப்பார்க்கும் முறையையும் ஹஃப்ஸாவுக்குக் கற்றுக்கொடுக்கலாகாதா என்று நபியவர்கள் அவரிடம் கேட்டார்கள். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குப் பேனா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அவ்வீட்டில் இயல்பான செய்தியாக இருந்தது. ஹல்வாபூரின் ஜியாவுக்கு முன்னோடியைத் தேடி நாம் வெளியே போக வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் சற்று நுட்பமானது. பூட்டைப் போடுபவன் பாபா பந்தூக், பெயரிலேயே துப்பாக்கி. அவனோடு இன்னொருவனும் இருக்கிறான். வதேரோ பஜேரோ என்ற அரசியல்வாதி, பெயரிலேயே சொகுசு வண்டி. அப்பள்ளியை நடத்த ஒரு தொண்டு அமைப்பு தந்த பணம் அவனிடம் இருக்கிறது. பள்ளி மூடினால் பணம் அவன் பைக்குள் போகும். ஆகவே பெண் கல்வியை எதிர்க்கும் பாபாவைத் துணைக்குச் சேர்த்துக்கொள்கிறான். கல்வி கூடாது என்று ஒருவன் முழங்குகிறான். அந்த முழக்கத்தின் நிழலில் இன்னொருவன் கணக்குப் பார்க்கிறான். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இதைப் புரியும்படி காட்டியிருக்கிறார்களே, அதுதான் என்னைக் கவர்ந்தது. யாரேனும் மார்க்கத்தின் பெயரால் ஒரு கதவை மூடும்போது, மூடுவதால் யாருக்கு மிச்சம் என்றும் கேட்கப் பிள்ளைகள் பழக வேண்டும்.

குறையும் உண்டு. தாடி வைத்து, தலைப்பாகை கட்டி, மார்க்கம் பேசினால் அவன் கெட்டவன் என்ற படம் குழந்தை மனத்தில் பதிந்துவிடக் கூடாது. ஜியாவை வளர்த்த கபடி ஜானும் இறைவழியில் நடக்கும் பெரியவரே என்பதைப் பெற்றோர் அருகிலிருந்து சுட்டிக்காட்டினால் அது சரியாகிவிடும்.

புர்காவைப் பற்றிய சச்சரவுக்கு வருவோம். தொடர் வந்தவுடனே பாகிஸ்தானில் இரு பக்கத்திலிருந்தும் கண்டனம் எழுந்தது. புர்கா ஒடுக்குமுறையின் சின்னம், அதை வீரத்தின் உடையாக்கலாமா என்றனர் சில பெண்கள். நம்மைப் போன்றோருக்கோ வேறு வருத்தம். ஜியா அன்றாடம் தலையை மறைப்பவள் அல்லள். தான் யாரென்று தெரியாமலிருக்கவே புர்காவைப் போடுகிறாள். இபாதத்தான ஓர் ஆடையை முகமூடியாகச் சுருக்கிவிட்டார்களே என்ற குறை எனக்கும் உண்டு. அன்றாடமே அவள் தலை மறைத்திருந்தால் கதைக்கு எந்த இழப்பும் நேர்ந்திராது.

ஆயினும் ஒன்றைப் பாருங்கள். திரையில் புர்கா அணிந்த பெண் பெரும்பாலும் இரண்டே வேடங்களில் வருவாள்: அழுபவளாக வருவாள், அல்லது சந்தேகத்துக்கு உரியவளாக வருவாள். நம் ஊர்க் கடைவீதியில் புர்காவோடு ஸ்கூட்டி ஓட்டிப் போகும் பெண்ணையும், கல்லூரிப் பேருந்துக்கு ஓடும் பெண்ணையும் எந்த இயக்குநரும் பார்த்ததாகத் தெரியவில்லை. இங்கே முதன்முறையாக ஒரு சிறுமி தன் அம்மாவின் உடையில் ஒரு வீராங்கனையைக் காண்கிறாள்.

2022 பிப்ரவரியில் கர்நாடகத்தின் குந்தாப்பூரில் ஹிஜாப் அணிந்து வந்த மாணவிகளின் முன் ஒரு கல்லூரியின் வாயிற்கதவு மூடப்பட்டதை நாம் எல்லோரும் கைப்பேசியில் பார்த்தோம். அம்மாணவிகள் கதவுக்கு வெளியே நின்று, தேர்வு நெருங்குகிறது, உள்ளே விடுங்கள் என்று மன்றாடினர். அந்த ஆண்டு மார்ச் 15 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்றது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புகளை அளித்தனர். ஹல்வாபூரில், பெண் என்பதால் படிக்காதே என்று பூட்டினார்கள். குந்தாப்பூரில், தலையை மறைத்தால் படிக்காதே என்று மூடினார்கள். பூட்டியவர்கள் ஒருவரையொருவர் பகைவராக நினைப்பவர்கள். வெளியே நின்றது மட்டும் இரண்டு ஊரிலும் புத்தகப் பையோடு ஒரு பெண்பிள்ளை.

நம் ஊர்களின் நிலை என்ன? இங்கே பெண்கள் பள்ளிக்கு எவரும் பூட்டுப் போடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். தோல் வணிகத்தில் ஈட்டியதைக் கல்விக்குத் தந்தவர்கள் நம் முன்னோர். வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி 1919-இல் எழுந்தது. உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாமை 1924-இல் நிறுவிய காக்கா முஹம்மது உமர் தோல் வணிகர்தாம். மேல்விஷாரத்தின் கல்லூரி தாங்கி நிற்கும் சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரும் அவ்வாறே. இன்று பெண்களுக்கென்று தனிப் பள்ளிகளும் கல்லூரிகளும் இவ்வட்டாரத்தில் இருக்கின்றன. வாயில் திறந்தே இருக்கிறது.

ஆனால் பூட்டு வீட்டில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவதற்குள் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் “இனிமேல் படிப்பெதற்கு” என்று கேட்டால் மறுவார்த்தை இல்லை. வசதி குறைந்த வீடாக இருந்தால் அக்காவின் கல்யாணக் கடனுக்காகத் தங்கை ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் சேர்கிறாள். காலையில் கம்பெனி வண்டிக்காகச் சாலையோரம் நிற்கும் பெண்களில், குர்ஆனைப் பிழையின்றி ஓதி, கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய முகங்களை நான் அறிவேன். உழைத்து உண்பது கண்ணியமானது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவளிடம் ஒரு சொல் கேட்டார்களா என்பதே என் கேள்வி. ஆஷுவைப் போல் முன்னே வந்து பேச அவளுக்கு ஒரு நிமிடம் தரப்பட்டதா? இந்தப் பூட்டை உடைக்கக் கூரையிலிருந்து யாரும் குதிக்கப் போவதில்லை. திறவுகோல் வாப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது.

கார்ட்டூனே கூடாது, பறப்பதும் பாய்வதும் பொய்தானே என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே துணியால் ஆன இரு சிறகுகள் கொண்ட ஒரு குதிரை இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபியவர்கள் கேட்டார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அவர்கள் திருப்பிக் கேட்க, கடைவாய்ப் பற்கள் தெரியும்படி நபியவர்கள் சிரித்தார்கள். இதுவும் அபூதாவூதில் உள்ளதே. இதைக் கொண்டு எல்லாப் படங்களுக்கும் நான் அனுமதிச் சீட்டு வழங்கவில்லை. ஃபத்வா கொடுப்பது என் வேலையும் அன்று. உருவம், இசை ஆகியவை குறித்து உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளையின் கற்பனைக் குதிரைக்குச் சிறகு இருப்பதைக் கண்டு அதட்டுவதற்கு முன், அந்தச் சிரிப்பை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

2022 ஜூன் 8 அன்று வெளியான ‘மிஸ் மார்வெல்’ தொடரின் முதல் அத்தியாயத்தையும் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அதில் வரும் கமலா கான் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண். அம்மா கண்டிக்கும் தொனியும், மகளோடு விழாவுக்குத் தானும் வேடமிட்டு வர ஆசைப்படும் அப்பாவும் நம் வீட்டு மனிதர்கள் போலவே இருக்கிறார்கள். அப்பாவின் ஆசையை மகள் எடுத்தெறிந்து பேசும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. எனினும் அவள் பெற்றோருக்குத் தெரியாமல் இரவில் வெளியேறுவதிலிருந்துதான் அவளுடைய சாகசம் தொடங்குகிறது. தனக்காக அவள் ஜன்னல் ஏறிப் போகிறாள். ஜியா பிறருடைய பிள்ளைகளுக்காக வாயிலைத் திறக்கிறாள். பத்து வயதுப் பெண்ணுக்கு முதலில் எதைக் காட்டுவீர்கள் என்று கேட்டால் நான் ஹல்வாபூரைத்தான் சொல்வேன். கமலாவை, அவள் வளர்ந்தபின், அம்மாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

‘புர்கா அவெஞ்சர்’ முதல் அத்தியாயம் உருதுவில் யூடியூபில் கிடைக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் ஆண்பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வையுங்கள். இது தங்கைக்கான படம், எனக்கில்லை என்று எழுந்து போக அண்ணனை விட்டுவிடாதீர்கள். மூலி என்ற சிறுவனும் அவனுடைய ஆடு கோலுவும் அவனை உட்கார வைத்துவிடுவார்கள். பாட்டு வரும்போது ஒலியைக் குறைப்பதா, விடுவதா என்பது அந்தந்த வீட்டு வழக்கம்.