குலுக்குச் சீட்டும் தலைவிதியும்

அமெரிக்காவில் சூசன் காலின்ஸ் அம்மையார் 2008-ல் வாலிபர்களுக்காக எழுதிய ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலில், ஒரு தலைநகரம் 12 ஜில்லாக்களை அடக்கி ஆள்கிறது. வருஷந்தோறும் 24 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லவிட்டு வேடிக்கை பார்க்கிறது.

சீட்டு விழுந்தால் தலைவிதியாம்! ஆனால் ஏழைப் பிள்ளை தானியமும் எண்ணெயும் வாங்கத் தன் பேரில் அதிகச் சீட்டுகள் சேர்த்தாக வேண்டும். கதாநாயகி காட்னிஸ் பேரில் 20. அவள் தோழன் கேல் பேரில் 42. பசித்தவன் பேரே நிறைந்த பாத்திரத்தில் விதிக்கு என்ன வேலை? இதை விளக்கியதே புத்தகத்தின் பெருமை.

குறையோ, அம்மையாரே அதை மறந்ததுதான். 42 சீட்டுக்காரன் தப்ப, ஒரே சீட்டுள்ள தங்கை பேர் வருகிறது. அவளுக்காக அக்காள் போகிறாள். கதைக்குச் சுவைதான். ஆனால் வாசலில் விரட்டிய விதி கொல்லைப்புறமாக நுழைந்துவிட்டதே! வாலிபர்கள் அவசியம் படிக்கட்டும்; படித்தபின், சீட்டை எழுதியவன் எவன் என்று கேட்கட்டும்.