முப்பத்தொன்பதில் நமக்கு எத்தனை?

போன மாதம் திருக்கழுக்குன்றம் பக்கத்துக் காலனி ஒன்றில் மாலை வகுப்பு முடிந்து பேசிக்கொண்டிருந்தோம். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் தம்பி கேட்டான்: "அக்கா, எம்.பி. சீட்டு 39 இருந்தா என்ன, 31 ஆனா என்ன? நம்ம சுடுகாட்டுப் பாதைக்கு ரெண்டும் ஒண்ணுதானே?"

சிரித்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய கேள்வி இல்லை இது. தொகுதி மறுவரையறை பற்றி மேடைகளில் பேசுகிறவர்கள் யாரும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. நாமாவது சொல்வோம்.

முதலில் பின்னணி. 1967இல் தமிழ்நாட்டின் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39 ஆகக் குறைந்தன. 1976இல் 42ஆவது திருத்தம், 1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்து மாநிலங்களின் இடங்களை உறைய வைத்தது. 2001இல் 84ஆவது திருத்தம் அந்த உறைநிலையை நீட்டித்தது: 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. பழைய 543 இடங்களையே மக்கள்தொகைப்படி பங்கிட்டால் தமிழ்நாட்டுக்கு 31 தான் மிஞ்சும் என்று மாநில அரசு சொன்னது. 2025 மார்ச் 5 அன்று சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம், உறைநிலையை இன்னும் 30 ஆண்டுகளுக்கு நீட்டிக்கக் கேட்டது.

இதில் நம் கணக்கு எங்கே?

அரசமைப்பின் 330ஆவது பிரிவு, ஒரு மாநிலத்துக்குக் கிடைக்கும் இடங்களில் பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை விகிதப்படி தனித்தொகுதி ஒதுக்கச் சொல்கிறது. 2011 கணக்கின்படி தமிழ்நாட்டில் நாம் 20 விழுக்காடு. இன்று 39இல் நமக்கு 7. அதுவும் 2001 கணக்கை வைத்து வந்த எண். 20 விழுக்காட்டை 39க்குப் போட்டால் 7.8, அதாவது 8. அதையே 31க்குப் போட்டால் 6.2, அதாவது 6. மாநிலம் இழக்கும் ஒவ்வொரு ஐந்து இடத்திலும் ஒன்று சேரியின் இடம். ஆகவே, தம்பி, 39ம் 31ம் ஒன்றல்ல.

ஆனால் மாநில உரிமை என்று முழங்கிவிட்டு இங்கேயே நின்றுவிடவும் முடியாது. உத்தரப் பிரதேசத்தின் 80 இடங்களில் 17 தனித்தொகுதிகள். அங்கே ஒரு எம்.பி.க்கு இங்கே இருப்பதைவிட அதிக மக்கள். அங்குள்ள தலித்தின் வாக்கு நம் வாக்கைவிட மதிப்புக் குறைந்து நிற்கிறது. ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரு வாக்குக்கு ஒரு மதிப்பு என்ற அம்பேத்கரின் கொள்கையை ஏற்றவர்கள் அதைக் கண்டும் காணாமல் போகக் கூடாது. பீகார்க்காரன் நம் எதிரி இல்லை.

இதற்குத் தீர்வாகச் சிலர் மாநிலங்களவையைக் காட்டுகிறார்கள். மக்களவை மக்கள்தொகைப்படி இருக்கட்டும், மாநிலங்களவையில் அமெரிக்க செனட் போல எல்லா மாநிலத்துக்கும் சம இடம் கொடுக்கலாம் என்பது வாதம். நல்ல யோசனைதான். ஆனால் மாநிலங்களவையில் நமக்கு இட ஒதுக்கீடே கிடையாது. அதிகாரம் அந்த அவைக்கு நகரும்போது நம் பங்கும் கூடவே நகர வேண்டும் என்று நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

எண்ணிக்கைக்கு அப்புறம் கோடு. 2008 மறுவரையறையில் செங்கல்பட்டு என்ற மக்களவைத் தொகுதியே காணாமல் போனது. காஞ்சிபுரம் தனித்தொகுதியாக வந்தது, அதுவரை தனித்தொகுதியாக இருந்த ஸ்ரீபெரும்புதூர் பொதுவானது. எந்த ஊர் எந்தக் கோட்டுக்குள் விழுகிறது என்பதை ஆணையம் முடிவு செய்தது. ஒரு மாநிலத்துக்கு ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. என்று துணை உறுப்பினர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு வாக்குரிமை இல்லை.

கோடு மட்டுமே விதி என்றும் நினைக்க வேண்டாம். 2021இல் செய்யூர் தனித்தொகுதியை விடுதலைச் சிறுத்தைகள் வென்றார்கள். பக்கத்திலேயே, மாமல்லபுரத்தை உள்ளடக்கிய திருப்போரூர் பொதுத்தொகுதியையும் அவர்களே வென்றார்கள். நமக்கு ஒதுக்கியதற்கு வெளியேயும் ஜெயிக்க முடியும் என்று இதே மாவட்டம் காட்டியிருக்கிறது.

மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போய்த் தனி வாக்காளர் தொகுதி கேட்டார். 1932 பூனா ஒப்பந்தத்தில் சென்னை மாகாணத்துக்கு 30 இடங்கள் கிடைத்தன. ஆனால் நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமை கைநழுவியது. இடம் எத்தனை என்பதோடு, அந்த இடத்துக்கு வருகிறவர் யாருக்குப் பதில் சொல்வார் என்பதும் கேள்வி. அன்றும் அதுதான், இன்றும் அதுதான்.

நாம் செய்ய வேண்டிய வேலை இப்போதே இருக்கிறது. கணக்கெடுப்பு நடக்கும்போது ஒவ்வொரு காலனிக்கும், கடலோர இருளர் குடியிருப்புகளுக்கும் போங்கள். கணக்கெடுப்பாளரிடம் சாதிச் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை, சொல்வதைத்தான் அவர் எழுத வேண்டும். சான்றிதழ் இல்லை என்று இருளர் குடும்பம் எதுவும் விடுபடக் கூடாது. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு மக்களவையில் ஒரு தனித்தொகுதிகூட இல்லை, சட்டமன்றத்தில் இரண்டுதான். கிறித்தவரான நம் உறவுகளை 1950 ஆணை பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருப்பதால் நம் எண்ணிக்கை குறைகிறது என்பதையும் பேசுங்கள். பிறகு வரைவு வெளியாகும், ஆட்சேபணை கேட்பார்கள். அன்றைக்கு ஊர்வாரியான கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.

அந்தத் தம்பியிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: சுடுகாட்டுப் பாதையை எம்.பி. வந்து போட்டுத் தரப்போவதில்லை. ஆனால் அது ஏன் இன்னும் போடப்படவில்லை என்று கேட்கிறவர்கள் ஆறு பேரா எட்டு பேரா என்பதை இந்தக் கணக்குத்தான் முடிவு செய்யும். வர்ற ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றான்.

நீங்களும் வாருங்கள். ஜெய் பீம்.