எங்கள் கோப்பையையும் கணக்கில் எடுங்கள்

வட மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கு,

வற்றாப்பளையிலிருந்து எழுதுகிறேன். சீனி வருத்தத்துக்கும் பிரசருக்கும் கிளினிக் போகிற எங்கள் ஆட்களிடம் மரக்கறி கூடச் சாப்பிடச் சொல்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் அது யாருடைய உடம்பைப் பல வருடம் பார்த்துச் சொன்னது?

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் உணவு ஆய்வு ஒன்று 1993இல் தொடங்கியது. 2019இல் வெளிவந்த அதன் 18 வருடக் கணக்கின்படி, இறைச்சி உண்பவர்களைவிடச் சைவ உணவுக்காரருக்கு மாரடைப்பு போன்ற இதய நோய் 22 வீதம் குறைவு. பாரிசவாதம் 20 வீதம் அதிகம். விற்றமின் பி12 போன்றவை குறைவதும் ஒரு காரணமாகலாம் என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். கலிபோர்னியாவில் லோமா லிண்டா பல்கலைக்கழகம் 2002 முதல் சுமார் 96,000 பேரைச் சேர்த்துப் பின்தொடர்ந்தது. இரண்டும் பெறுமதியான வேலைகள். ஆனாலும் அந்த மக்கள் உண்ணும் சைவம் வேறு, எங்கள் சைவம் வேறு.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இங்கே ஒரு வீட்டுக் கோப்பையைப் பாருங்கள். முக்கால்வாசி வெள்ளைச் சோறு. தேங்காய்ப்பால் விட்ட பூசணிக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம், கடைசியில் சொதி. பருப்பு இரண்டு கரண்டிக்கு மேல் இராது. எங்கள் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் பாக்குத் தெண்டல் சடங்கு நடந்துவிட்டால் பல வீடுகளில் மச்சம் அடுப்பேறாது. பொங்கல் முடிய நந்திக்கடல் களப்பின் இறாலும் மீனும் திரும்பி வரும். இப்படி விட்டு விட்டு உண்ணும் சைவத்தை எந்த ஆய்வின் எந்த நிரலில் எழுதுவது? 21 நாடுகளை வைத்து 2020இல் வெளியான ஆய்வொன்று, வெள்ளை அரிசிக்கும் நீரிழிவுக்குமான தொடர்பு தென்னாசியாவில்தான் மிக வலுவாக இருப்பதாகக் கண்டது. எனவே மச்சத்தை விட்டுச் சோற்றைக் கூட்டுகிறவருக்கு நன்மையா தீமையா என்பதை இங்கேயே பார்க்க வேண்டும்.

யுத்த காலத்தில் நாட்டின் பெரிய கணக்குகளிலும் நாங்கள் விடுபட்டிருந்தோம். 2005–2006இல் நடந்த தேசிய நீரிழிவு, இதய நோய் ஆய்வு ஏழு மாகாணங்களோடு நின்றது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. 2006–2007 குடித்தொகை, சுகாதார ஆய்விலும் வட மாகாணம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2009இல் யுத்தம் முடிகிற வேளையில் நந்திக்கடலுக்கு அந்தப் பக்கம், முள்ளிவாய்க்காலில், அரிசியும் உப்பும் தண்ணீருமான கஞ்சியில் உயிர் பிடித்து நின்றவர்களில் கர்ப்பிணித் தாய்மாரும் இருந்தார்கள். இது ஏன் முக்கியம் என்றால், 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்து பட்டினி கிடந்தபோது கருவில் இருந்தவர்களை அரை நூற்றாண்டு கழித்துச் சோதித்தார்கள். அவர்களின் உடம்பு சீனியைக் கையாளச் சிரமப்பட்டது தெரியவந்தது. அங்கே பிறப்புப் பதிவேடுகள் பத்திரமாக இருந்ததால்தான் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. எங்கள் பதிவேடுகள் பல யுத்தத்தோடு போய்விட்டன. தாய்மாரின் நினைவு மட்டும் மிஞ்சியிருக்கிறது, அவர்களுக்கும் வயதாகிறது. அன்று வயிற்றில் இருந்த பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். அவர்கள் என்ன உண்கிறார்கள், இனி என்ன உண்பது நல்லது என்பதை எழுதிவைக்க இதைவிட்டால் காலம் இல்லை.

புதிய கட்டடம் எதுவும் நான் கேட்கவில்லை. குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாகப் போகிறார். கிளினிக் கொப்பியில் சீனியும் பிரசரும் ஏறுகின்றன. என்ன சாப்பிட்டார் என்பதற்கு அதில் இடமில்லை. எங்கள் கரைதுறைப்பற்றுப் பிரிவில் மச்சம் உண்பவர், விரதக்காரர், முழுச் சைவர் என எல்லோரையும் சேர்த்து, அவர்கள் சம்மதத்தோடு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் துணையோடு, இருபது வருடத்துக்காவது தொடர்கிற ஒரு பதிவைத் தொடங்குங்கள். சோறு எவ்வளவு, பருப்பு எவ்வளவு, கீரை எத்தனை நாள் என்று கேளுங்கள். இரத்தத்தில் பி12ஐயும் இரும்புச்சத்தையும் பாருங்கள். சம்மதப் படிவம் எங்களுக்கு விளங்குகிற தமிழில் இருக்கட்டும். வருகிற முடிவுகளை முதலில் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் வந்து சொல்லுங்கள். ஆங்கிலச் சஞ்சிகைக்கு அதன் பிறகு அனுப்பலாம்.

இப்படிக்கு,
வற்றாப்பளை வாசி ஒருவர்