கூண்டின் ஆழம்

வீட்டில் ஏதேனும் ஒரு பிராணியை வளர்க்கவேண்டுமென்று குழந்தைகள் பிடிவாதம் செய்வது புதிதன்று. முன்பெல்லாம் முயல் கேட்டார்கள். இப்போது ஹாம்ஸ்டர் கேட்கிறார்கள். எலிக்கு உறவான சின்னஞ்சிறு ஜந்து அது. கன்னங்களின் உட்புறத்தில் அதற்கு இரண்டு பைகள் உண்டு. தானியத்தை அவற்றில் அடைத்துக்கொண்டு அது நடக்கும்போது, கல்யாண வீட்டிலிருந்து பட்சணங்களுடன் திரும்பும் சம்பந்தியின் ஞாபகம் நமக்கு வருகிறது. குழந்தைகள் மயங்குவதில் ஆச்சரியமில்லை. பிராணியைக் குழந்தைகள் தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் கூண்டைப் பற்றிய பொறுப்பு பெரியவர்களுடையது.

வீடுகளில் மிகுதியாக வளரும் பொன்னிற ஹாம்ஸ்டரின் பூர்விகம் ஸிரியா தேசம். 1930-ஆம் ஆண்டில், ஜெருசலேம் ஹீப்ரு சர்வகலாசாலையைச் சேர்ந்த இஸ்ரேல் அஹரோனி என்னும் பிராணி சாஸ்திரி, அலெப்போ நகரத்துக்கு அருகே ஒரு வயலைத் தோண்டுவித்து ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் கண்டெடுத்தார். ஜெருசலேம் வந்து சேர்ந்த குட்டிகளிற் சில, கூண்டின் மரத்தரையைக் கடித்துத் துளைத்துத் தப்பியோடிவிட்டன. எஞ்சியவற்றின் சந்ததிகளே இன்று உலகெங்கும் வீடுகளில் இருப்பவற்றுள் பெரும்பாலானவை.

மண்ணைத் தோண்டி வாழ்ந்த குலம் அது. வட ஸிரியாவின் வயல்களில் ஆராய்ந்தவர்கள் அளந்த வளைகள் 36 முதல் 106 செ.மீ. வரை ஆழமுள்ளவை, வளர்ந்த பிராணி வளைக்கு ஒன்றாகவே வசித்தது. கூண்டு அமைப்பவர்களுக்கு இவ்விரு செய்திகளே சாஸ்திரம்.

கடைகளில் விற்கும் கூண்டுகளோ வேறு விதமானவை. வர்ணக் கம்பிகள், மாடி, ஏணி எல்லாம் இருக்கும். அடித்தட்டின் ஆழம் மட்டும் நான்கு விரற்கடைதான். அதில் அடைபட்ட பிராணி இரவு முழுதும் கம்பியைக் கடிக்கும். வீட்டார் அதை விளையாட்டென்று எண்ணி மகிழ்வார்கள். 2006-ல் வெளியான ஸ்விட்ஸர்லாந்து ஆராய்ச்சி ஒன்றில், 10, 40, 80 செ.மீ. என்று மூவகை ஆழத்தில் மரச்சுருள் நிரப்பிச் சோதித்தார்கள். மிகக் குறைந்த ஆழத்தில் இருந்தவையே மிகுதியாகக் கம்பியைக் கடித்தன. ஆகவே அது விளையாட்டன்று; தோண்ட இடமில்லாத பிராணியின் தவிப்பு.

ஒரு மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் கொண்ட கண்ணாடித் தொட்டி, காற்றோட்டத்துக்குக் கம்பிவலை மூடி, இவை போதும். பாதி இடத்திலாவது 40 செ.மீ. உயரத்துக்குக் காகிதத் துண்டுகளையும் மணமில்லாத மரச்சுருளையும் உலர்ந்த புல்லையும் கலந்து அழுத்தி நிரப்பினால் வளை சரியாமல் நிற்கும். தேவதாரு, பைன் முதலிய வாசனை மரங்களின் சுருள் மூச்சுக் குழாய்க்கு ஆகாது. பஞ்சு மெத்தென்றிருந்தாலும் ஆபத்தானது. காலில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் குடலை அடைக்கும். ஓடுவதற்கான சக்கரம் இடைவெளியற்ற தளத்துடன், முதுகு வளையாதபடி 28 செ.மீ. குறுக்களவு உள்ளதாக இருக்கட்டும். கனமான பொருள்களைச் சுருளின்மேல் வைக்காமல் தனிக் கால்களின்மேல் நிறுத்தவேண்டும். இல்லையேல் அடியில் தோண்டும் பிராணி நசுங்கிப்போகும்.

துணைக்கு இன்னொன்று வேண்டாமா என்று கருணையுள்ளவர்கள் கேட்பார்கள். வேண்டாம். வளர்ந்த பொன்னிற ஹாம்ஸ்டர்கள் இரண்டை ஓரிடத்தில் விட்டால், ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடவும் கூடும்.

துப்புரவிலும் நிதானம் தேவை. அது தன் இடத்தை வாசனையால் அறிகிறது. வாரந்தோறும் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவுவது, நாம் வெளியூர் போயிருக்கையில் வீட்டை இடித்துவிட்டு வேறு வீடு கட்டிவைப்பதற்குச் சமம். நனைந்த மூலையை மட்டும் தினம் அகற்றுங்கள்; அழுகக்கூடிய காய்கறியை எடுத்துவிடுங்கள்; சேமித்த தானியத்தை விட்டுவையுங்கள். சுருளை மாற்றும்போது பெரும்பகுதி பழையதாகவே இருக்கட்டும்.

நம் ஊரைப் பொறுத்தவரை வெயிலே பெரிய சத்துரு. ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டி சிறிது நேரத்தில் அடுப்பாகிவிடும். கத்திரி வெயிலிலும் ஓர் அறையைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வசதியில்லாத குடும்பத்தார் இப்பிராணியை வாங்காமலிருப்பதே அதற்குச் செய்யும் தர்மம்.

இத்தனையும் செய்து முடித்தபின், “பகலெல்லாம் அது கண்ணிலேயே படவில்லையே!” என்று குழந்தை முறையிடும். இரவில் விழித்துப் பகலில் உறங்குவது அதன் இயல்பு. உறங்குவதைத் தட்டி எழுப்பினால் கடிக்கும். அதன் ஆயுள் இரண்டு, மூன்று வருஷந்தான். விளக்கைத் தணித்துவிட்டு, அது வெளியே வரும்வரை சப்தமின்றிக் காத்திருக்கக் குழந்தைக்குப் பழக்கிவைப்போம். அதற்கு மனமில்லாத வீட்டில் பொம்மை ஹாம்ஸ்டர் ஒன்று வாங்கிக்கொடுத்தால் போதும்.